கேத்லீன் ஃபெரியரை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

வயலின்_பைத்தியம்:
ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் பாடல்களைத் தேடும்போது ஆங்கிலப் பாடகி கேத்லீன் ஃபெரியரின் குரல் சிக்கியது. பாடுவது பெண்தானா என்று ஒரு நொடி சந்தேகமே வந்துவிட்டது, அவ்வளவு கீழே இறங்குகிறது. இவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர், சங்கீதமே படிக்காதவர் என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். நிஜமா? எந்தப் பதிவில் ஆரம்பிக்கலாம்?

பழைய_ரிக்கார்டு:
எக்ஸ்சேஞ்ச் நிஜம். சங்கீதம் படிக்காதவர் என்பது சுத்தக் கதை. 1912-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர், அப்பா பள்ளி ஆசிரியர். 14 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு பிளாக்பர்ன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தார். ஆனால் அந்த வயதிலேயே பியானோ போட்டிகளில் பரிசு வாங்கிக்கொண்டிருந்த பெண் அவர். ஃபோனில் நேரம் சொல்ல ஒரு குரல் வேண்டுமென்று தபால் துறை ஆள் தேடியபோது இவரும் போனார், கழித்துவிட்டார்கள். என்ன காது அவர்களுக்கு!

பாட்டுக்கு வந்ததே ஒரு பந்தயத்தில்தான். 1937-ல் கார்லைல் இசைவிழாவில் பியானோ போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். பாட்டுப் போட்டியில் சேர உனக்குத் தைரியம் இருக்கிறதா என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்ட, இரண்டிலுமே ஜெயித்தார். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளிலெல்லாம் பாடிவிட்டு, 1943-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹேண்டலின் 'மெசையா'. 1946-ல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய 'லுக்ரீஷியா' ஓபராவில் நாயகி. மறு வருடம் எடின்பரோவில் புரூனோ வால்டர் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, மாலரின் 'தாஸ் லீட் ஃபொன் டெர் எர்டே' என்ற பாடல் வரிசை. அதன் கடைசிச் சொற்களைப் பாட முடியாமல் அழுதுவிட்டு, அப்புறம் வால்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டாராம்.

நீங்கள் மாலரில் ஆரம்பிக்க வேண்டாம். 1949-ல் பதிவான 'ப்ளோ த விண்ட் சதர்லி' கேளுங்கள். நாட்டுப்பாடல், பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. மூச்சை எங்கே எடுக்கிறார் என்று கவனியுங்கள். வரி முடியும் இடத்தில் குரலை அழுத்தாமல் அப்படியே விட்டுவிடுவார். பியானோவில் விரலை எடுக்கத் தெரிந்தவர் பாடும் பாட்டு அது என்பது என் கட்சி.

கீழ்ஸ்தாயி_ரசிகை:
லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் நடந்த சம்பவத்தை விட்டுவிட்டீர்களே? 1953 பிப்ரவரியில் பார்பிரோலி நடத்த க்ளூக்கின் 'ஆர்ஃபியஸ்' ஓபரா. இரண்டாம் நாள் மேடையிலேயே தொடை எலும்பு உடைந்தது, புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. கடைசிவரை நின்றே பாடி முடித்தார். அக்டோபரில் போய்விட்டார், 41 வயது. அதை நினைக்காமல் என்னால் அவரைக் கேட்கவே முடியவில்லை.

பழைய_ரிக்கார்டு:
வேண்டுமென்றேதான் விட்டேன், அம்மா. எல்லோரும் அந்த மேடையில்தான் ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் எந்தப் பதிவைப் போட்டாலும் நோயைத்தான் கேட்கிறார்கள். புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது 1951-ல். நாட்டுப்பாடல் அதற்கு முந்தையது, அதில் ஏது சோகம்? ஆள் நேரில் பச்சையான ஜோக் சொல்லிச் சிரிக்கிறவர். கடிதங்களில் தன்னையே 'க்ளெவர் காஃப்' (கெட்டிக்காரக் கேத்) என்று கூப்பிட்டுக்கொள்வார்.

வயலின்_பைத்தியம்:
நாட்டுப்பாடல் கேட்டேன் சார், மூன்று தடவை. அடுத்து?

பழைய_ரிக்கார்டு:
1952 அக்டோபரில் ஏட்ரியன் போல்ட் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, பாக், ஹேண்டல் பாடல்களைப் பாடிய இசைத்தட்டு. ஒரு எச்சரிக்கை: அவர் இறந்த பிறகு, 1960-ல், அதே குரலுக்கு மேல் புதிதாக ஆர்கெஸ்ட்ராவை வாசித்துச் சேர்த்து ஸ்டீரியோவாக வெளியிட்டார்கள். அதையும் போல்டே நடத்தினார். எனக்கு ஒட்டவில்லை. மோனோவைத் தேடிப் பிடியுங்கள். அதற்கப்புறம் மாலர்: அதே 'தாஸ் லீட்', 1952 மே மாதம் வியன்னாவில் வால்டரோடு செய்த பதிவு. கடைசிப் பாட்டு மட்டும் அரை மணி நேரம் போகும், ஃபோனை அணைத்துவிட்டு உட்காருங்கள்.