புதுவீட்டுச் சாவி வாங்கிய பிறகு குறை பார்த்த அனுபவங்கள்: பந்திங் வட்டாரம், சிலாங்கூர், மலேசியா

பந்திங், இரட்டை மாடி வரிசை வீடு

செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் எங்களுக்கு வீடு கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் வேலை ஓய்வு பெறும் வரை தோட்டத்து லயன் வீட்டிலேயே காலம் கழித்தவர்கள் என்பதால், சாவி கைக்கு வந்த நாள் முதல் பால் காய்ச்ச நல்ல நாள் பார்ப்பதுதான் வீட்டில் ஒரே பேச்சாக இருந்தது. குறைகளைப் பார்த்து, எழுதி, வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரின் அலுவலகத்தில் நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் கணபதி ஹோமம் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. செங்கல்லும் மணலும் பரப்பிக் குண்டம் அமைத்தாலும் சூட்டில் ஒரு தரைஓடு விரிசல் விட்டுவிட்டால், அது அவர்கள் விட்ட குறையா நாம் உண்டாக்கியதா என்ற வாக்குவாதம் கிளம்பும். அதற்கு இடம் கொடுப்பானேன்?

நம் நாட்டில் சாவி வாங்குவதற்கு முன்பே வீட்டை அலசிப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அழைப்புக் கடிதம் வந்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் நாம் போகாவிட்டாலும் வீட்டை ஏற்றுக்கொண்டதாகவே ஒப்பந்தம் கருதுகிறது. ஆகவே குறை இருக்கிறது என்று சாவியை வாங்க மறுப்பதில் பயனில்லை. சாவிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் குறையே இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள், அப்படியில்லை. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்தாக வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

சில நூறு ரிங்கிட் கட்டணத்தில் குறை பார்த்துத் தரும் ஒருவரை அமர்த்தினோம். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, தண்ணீரும் மின்சாரமும் வந்துவிட்டனவா என்பதுதான். ஒப்படைப்புக்கு அவை இணைப்புக்குத் தயாராக இருந்தாலே போதும், மீட்டர் நாம்தான் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதனால் நீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூரிலும் மின் நிறுவனமான டி.என்.பி.யிலும் முன்பணம் கட்டி இணைப்பு வந்த பிறகே அவரை வரச் சொன்னோம். தண்ணீர் இல்லாத வீட்டில் குறை பார்ப்பது பாதி வேலைகூட ஆகாது என்பது இப்போது என் உறுதியான கருத்து. கண்ணுக்குத் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை மலிவானவை. செலவு வைப்பவையெல்லாம் தண்ணீர் ஊற்றினால்தான் வெளியே வருகின்றன.

மாடிக் குளியலறையின் தரைவடிகாலை ஈரத்துணியால் இறுக அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு முழு நாள் விட்டுவைத்தார். மறுநாள் நேர்கீழே இருந்த அறையின் சிலிங்கில் தேநீர் சிந்தியது போன்ற ஒரு திட்டு, அதன் நடுவில் சொட்டத் தயாராக ஒரு துளி. துணியை எடுத்தபோது தண்ணீர் எளிதில் இறங்கவுமில்லை. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், வேலையாட்கள் கழுவி ஊற்றிய சிமெண்டுச் சாந்து வளைவில் கல்லாக இறுகிக் கிடந்தது. கீழ்க் குளியலறையில் வேறு கதை: வாளித் தண்ணீரை ஊற்றினால் அது வடிகாலைவிட்டு விலகி, கதவு மூலையை நோக்கி ஓடிற்று. பிறகு வெளியே நின்று ஜன்னல் சட்டங்களின் மீது ரப்பர்க் குழாயால் பீய்ச்சினோம். முன்னறை ஜன்னலின் கீழ்மூலையில் உள்பக்கம் ஈரம் கசிந்தது. நம் ஊரின் மாலை மழைக்காகக் காத்திருந்தும் இதைப் பார்க்கலாம், ஆனால் மழை நாம் கூப்பிடும் நேரத்துக்கு வராது.

தரைஓடுகளை, முனையில் குண்டு வைத்த நீட்டுக்கோலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்தார். சாந்து முழுதாகப் பிடித்த ஓடு ‘டொக்’ என்று சுருக்கமாக ஒலிக்கிறது. அடியில் வெற்றிடம் உள்ள ஓடு பானையைத் தட்டியது போல் எதிரொலிக்கிறது. அவற்றில் மட்டும் அவர் காகித ஒட்டுப்பட்டை ஒட்டிக்கொண்டே போக, சமையலறைத் தரையில் அலமாரி வரப்போகும் சுவரோரம் வரிசையாகப் பட்டைகள் நின்றன. அலமாரியை அடித்த பிறகு அது யாருக்குத் தெரியப்போகிறது? தரை மட்டத்துக்கு அவர் மேற்கோள் காட்டியது கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் சி.ஐ.எஸ். 7 தரநிலை, 1.2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. இப்படி ஓர் அளவைச் சொல்லி எழுதினால், ‘எங்கள் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது’ என்ற பதில் வருவதில்லை. சாயத் திட்டுகளும் பட்டியலில் பக்கம் பக்கமாக இருந்தன; அவற்றுக்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒன்று உண்டு. கோலலங்காட்டின் கடலோரக் களிமண்ணில் வீட்டை ஆழமான தூண்களின் மீது நிறுத்துகிறார்கள். கார் நிறுத்துமிடத்தின் தளமோ பெரும்பாலும் மண்ணின் மீதே கிடக்கிறது. மண் அமுங்க அமுங்கத் தளம் மட்டும் இறங்க, சுவரோரம் பிளவு விழுகிறது. மேம்பாட்டாளரின் அலுவலர் இதை இயற்கை என்றார். பிளவைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தளத்துக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாய் இறக்கத்தில் முறிந்தால் அதையும் இயற்கை என்று விட முடியாது. எனவே குழாய் இணைப்பைத் திறந்து காட்டுமாறு தனியாக எழுதிக் கொடுத்தேன், திறந்தும் காட்டினார்கள்.

ஜென்ஜாரோம், வயரிங் வேலை செய்பவர்

பந்திங் அண்ணன் தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். மின்சாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மூன்று விளக்குகள் உள்ள சிறிய பிளக் சோதனைக் கருவி கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்த்தால், நில இணைப்பு (எர்த்) இல்லாததும் கம்பி மாறியிருப்பதும் உடனே தெரிந்துவிடும். என் தங்கையின் வீட்டில் மாடியறை ஒன்றின் பிளக்குகளுக்கு நில இணைப்பே இல்லை. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது மின்சாரத்தைத் துண்டித்து விழ வேண்டும். குளியலறை நீர்ச்சூடேற்றிக்கு 10 மில்லி ஆம்பியர் அளவுள்ள தனித் தடுப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலிங்கில் உள்ள திறப்பின் வழியே ஏறி, விளக்கை அணைத்துவிட்டுக் கூரையை ஒருமுறை பார்ப்பதும் நல்லது. பகல் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடத்தில் மழையும் வரும்.

தெலுக் பங்ளிமா காராங், ஆசிரியை

குறையைக் கண்டுபிடிப்பதைவிட அதை எழுத்தில் நகர்த்துவதுதான் எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. எங்கள் மேம்பாட்டாளரின் ஆட்கள், “சொல்லிவிட்டீர்களே அக்கா, ஆள் அனுப்புகிறோம்” என்று வாட்ஸ்அப்பிலேயே காலத்தை ஓட்டினார்கள். எழுத்து மூலம் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் பழுது பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அது நடக்காவிட்டால், பழுதுபார்க்கும் செலவுக் கணக்கைக் காட்டி மீண்டும் எழுதி 14 நாட்கள் அவகாசம் கொடுத்த பிறகு, நாமே ஆள் வைத்துச் செய்து, வழக்கறிஞரிடம் ஈடாக வைக்கப்பட்டிருக்கும் விலையின் 5 விழுக்காட்டுத் தொகையிலிருந்து அதைப் பெறலாம். அதில் பாதி, ஒப்படைத்த 8 மாதங்களில் மேம்பாட்டாளருக்குப் போய்விடுகிறது, மீதி 24 மாத முடிவில். ஆகவே பெரிய குறைகளை முதல் 8 மாதங்களுக்குள் எழுத்தில் கொண்டுவந்துவிடுவது நல்லது.

நாங்கள் இறுதியில் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குப் போனோம். 2002 முதல் இயங்கும் இந்த மன்றத்தில் மனுக் கட்டணம் 10 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த 24 மாதக் குறைப் பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். விசாரணையில் எங்களுக்கு உதவியவை அறை வாரியாக எண்ணிட்ட புகைப்படங்களும், முத்திரையிட்ட கடித நகலும், பழுதுபார்க்கும் குத்தகையாளர் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழுதித் தந்த விலைக் குறிப்பும். தரைஓடுகளைத் தட்டும் ஒலியை என் மகன் காணொளியாக எடுத்திருந்தான். அதை ஓட விட்டதும் எதிர்த்தரப்பு அந்த ஓடுகளைப் பற்றி வாதிடவே இல்லை. கூரைக் கசிவுக்கும் ஓடுகளுக்கும் தொகை கிடைத்தது. வேலிச் சுவரின் சாயம் வெளுத்ததற்குக் கேட்டதை மட்டும், வெயிலில் வெளுப்பது கட்டுமானக் குறையாகாது என்று தள்ளிவிட்டார்கள்.