நேட்டாலுக்குப் போன இரண்டு முனுசாமிகள்: எங்கள் ஆள் யார்?

கேள்வி: ஆரணி ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஒரே முடிச்சில் நிற்கிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பழக்கம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி முனுசாமி. ‘நேட்டால் போனவர்’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அவருடைய பேரன் வழிப் பிள்ளை ஒருவர் டர்பனில் இருக்கிறார். என்னைத் தேடிக் கண்டுபிடித்து அக்கா என்று அழைக்கிறார். வருகிற தை மாதம் குடும்பத்தோடு வந்து குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஆசைப்படுகிறார். எங்கள் குலதெய்வம் போளூர்ப் பக்கத்துப் பச்சையம்மன்.

சிக்கல் இதுதான். இணையத்தில் யாரோ போட்டு வைத்திருக்கும் ஒரு குடும்ப மரத்தில், டர்பன் குடும்பத்தின் மூதாதை 1890இல் நேட்டாலில் இறங்கிய முனுசாமி என்றும், அவருடைய ஊர் வந்தவாசித் தாலுகா என்றும் இருக்கிறது. டர்பன் தம்பி அதை நம்பி, வந்தவாசிப் பக்கம் எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று போன மாதம் கேட்டார். எனக்குத் திக்கென்றது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் போளூர்த் தாலுகாக்காரர்கள்.

தேடிப் பார்த்தேன். பொருந்துகிற முனுசாமி இருவர் கிடைத்தார்கள். ஒருவர் 1890இல் வந்தவர், பட்டியலில் வயது 24, தாலுகா வந்தவாசி. மற்றவர் 1898இல் வந்தவர், வயது 26, தாலுகா போளூர், ஊர்ப் பெயர் அடையாளம் தெரியாதபடி சிதைந்திருக்கிறது. இருவருக்கும் ஜில்லா வட ஆற்காடு. இருவருக்கும் தகப்பன் பெயர் பெருமாள். சாதிப் பத்தியிலும் ஒரே சொல். பச்சையம்மன் கோயிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முனிகளை நினைத்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. ஆகையால் இதில் வியப்பில்லை, வருத்தம்தான்.

டர்பன் முனுசாமி 1931இல் ஸ்டாங்கரில் இறந்தார். இறப்புப் பதிவில் வயது 65. கணக்குப் போட்டால் 1866இல் பிறந்தவர். அது 1890இல் 24 வயதுக்காரரோடு அச்சாகப் பொருந்துகிறது. மரத்தைப் போட்டவரும் இதை வைத்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

என் கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம். தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த அடமானப் பத்திரம். அரைக் காணி புஞ்சையை 30 ரூபாய்க்கு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து அடமானம் வைத்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் கீழே ‘பெருமாள் குமாரன் முனுசாமி கீறல்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு, குறுக்கே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டைத் தவிர அவர் விட்டுப்போனது எங்களிடம் வேறொன்றும் இல்லை. வருடத்தைத் ‘துன்மதி’ என்று படித்தேன். அது 1861 ஆகிறது. அப்படியானால் இது வேறொரு மூத்த முனுசாமியா? எங்கே தவறு செய்கிறேன்?

பதில் 1: கப்பல் பட்டியல் வாசகர், திருச்சி

அம்மா, வயதை முதலில் ஒதுக்கி வையுங்கள். பட்டியலில் உள்ள வயது, கப்பலேற்றுவதற்கு முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் குமாஸ்தா ஆளைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம், ஆள் சேர்த்த ஆள்கட்டி எடுபடுகிற மாதிரி சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம். இறப்புப் பதிவில் உள்ள வயது, துக்க வீட்டில் மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னது. இரண்டு ஊகங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் அது சாட்சி ஆகிவிடாது. ஐந்தாறு வயது இப்படியும் அப்படியும் போவதை நான் எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

பெயரும் அப்படித்தான். முனுசாமி, முனிசாமி, முனியசாமி மூவரும் ஆங்கில எழுத்தில் ஒருவராகிவிடுவார்கள். ஒரே முனுசாமி மூன்று தாளில் மூன்று விதமாக இருப்பார். கப்பல் பெயரும் துணைக்கு வராது. உம்லாசி போன்ற ஒரே கப்பல் பல முறை வந்து போயிருக்கிறது.

நீங்கள் பிடிக்க வேண்டியது காலனி எண். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் சேர்ந்தது முதல் 1911இல் ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புவது நின்றது வரை நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஆண், பெண், கைக்குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண். தோட்ட முதலாளியின் கணக்கில், திருமணப் பதிவில், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில், இறப்பில் எல்லாம் அந்த எண் கூடவே வரும். அங்கே இருந்த அதிகாரிக்கும் முனுசாமிகளைப் பிரித்தறிய வேறு வழி கிடையாது. மனிதரை எண்ணாக்கிய கொடுமைதான் அது. ஆனால் அந்த எண்தான் இன்று உங்கள் ஆளை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டு முனுசாமிகளின் எண்ணும் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் டர்பன் தம்பியிடம் ஒரே ஒரு தாள் கேளுங்கள்: முனுசாமிக்கு நேட்டாலில் பிறந்த பிள்ளைகளில் யாராவது ஒருவரின் பிறப்புப் பதிவு. அதில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் என்ன எண் என்று பாருங்கள்.

இன்னொன்று. பட்டியலில் குறிப்புப் பத்தியைப் படித்தீர்களா? பலர் பெயர், வயது, ஊரோடு நிறுத்திவிடுகிறார்கள். வலது ஓரத்தில் யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார், இறந்தாரா, ஊர் திரும்பினாரா என்பதெல்லாம் பின்னால் சேர்க்கப்பட்டிருக்கும்.

பதில் 2: பழைய பத்திர எழுத்தர், செய்யாறு

தங்கச்சி, நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த வருடத்தை மறுபடியும் படியுங்கள். ‘துன்மதி’யும் ‘மன்மத’வும் மடிப்பில் விழுந்தால் ஒன்றுபோல்தான் தெரியும். இரண்டிலும் ‘ன்ம’ இருக்கிறது, முன்னால் உள்ள எழுத்து அரித்துப் போயிருந்தால் கண் தனக்குத் தெரிந்ததை நிரப்பிக்கொள்ளும். கடைசியில் ‘தி’யின் மேல்விலங்கு இருக்கிறதா, வெறும் ‘த’வா என்று பாருங்கள். அதை ஒட்டி ௵ என்ற வருடக் குறி இருக்கும். அந்தக் குறியின் வளைவையே மேல்விலங்கு என்று படித்திருக்கலாம். மன்மத என்றால் 1895.

அதற்கு மேல் சந்தேகமே வேண்டாம் என்றால் தாளைத் திருப்புங்கள். முத்திரைத்தாள் விற்ற வெண்டர் பின்பக்கத்தில் யாருக்கு, எந்தத் தேதியில் விற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அது ஆங்கிலத் தேதியாகத்தான் இருக்கும். முன்பக்கத்தை ஆயிரம் முறை படித்தவர்கள் பின்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஈரத்துணி, எண்ணெய் எதுவும் போட வேண்டாம். காலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் போதும், மை இறங்கிய தடம் தெரியும்.

பதில் 3: டர்பனில் படிக்கும் தமிழர்

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. 1890இல் வந்தவர் ஊர் திரும்பி, 1898இல் மறுபடியும் ஒப்பந்தம் செய்து வந்திருக்கலாம். அப்படி வந்தவருக்குப் புது எண் கொடுப்பார்கள். அதாவது இரண்டு முனுசாமி என்று நாம் நினைப்பது ஒரே ஆளாகவும் இருக்கக்கூடும். என் பூட்டனாரை நான் ஒரு வருடம் இரண்டு பேராக எண்ணிக்கொண்டிருந்தேன். உயரமும் அங்க அடையாளமும் ஒத்துப்போன பிறகுதான் தெளிந்தது. உங்கள் இருவருக்கும் அந்தப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது?

அடுத்து, டர்பன் குடும்பத்திடம் 3 பவுண்டு வரி கட்டிய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். 1895ஆம் ஆண்டின் 17ஆவது சட்டம் வந்த பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்கள், காலம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும், அல்லது ஆண்டுதோறும் 3 பவுண்டு கட்டிவிட்டுச் சுதந்திரமாக இருக்க வேண்டும். பல மாதக் கூலியை விழுங்கிவிடுகிற தொகை. காந்தி நடத்திய 1913 போராட்டத்துக்குப் பிறகு 1914இல்தான் ஒழிந்தது. சட்டத்துக்கு முன்னால், 1890இல் வந்தவருக்கு அந்த வரி கிடையாது. ஆகவே முனுசாமியின் பெயரில் ஒரு ரசீது இருந்தால், எண்ணைப் படிப்பதற்கு முன்னாலேயே பாதி விடை வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: ஆரணி ஆசிரியை

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பத்திரத்தை மாடியில் காலை ஏழு மணி வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். ஐயா சொன்னதுதான் சரி. மேல்விலங்கு என்று நான் நினைத்தது ௵ குறியின் தொடக்கம். ‘மன்மத௵ ஆவணி௴ ௰௨௳’. ஆவணி 12. பின்பக்கம் மூலையில் மங்கிய நீல மையில் வெண்டரின் எழுத்து: 1895 ஆகஸ்ட் 24. இத்தனை வருடம் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. ஆக, 1895 ஆவணியில் எங்கள் முனுசாமி போளூர்ப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டைக் கிழித்திருக்கிறார்.

உடனே மூன்றாவது பதிலில் சொன்னது உறுத்தியது. 1890இல் போனவர் ஐந்து வருட ஒப்பந்தம் முடித்து 1895இல் திரும்பி வந்து, பிறகு 1898இல் மறுபடியும் போயிருந்தால்? கணக்கு அப்படியும் இடிக்காமல் வருகிறதே. அன்று இரவு தூக்கமில்லை.

மறுநாள் குறிப்புப் பத்தியைப் பெரிதாக்கிப் படித்தேன். 1890 முனுசாமிக்கு எதிரே, வேறொரு கையெழுத்தில், 1901இல் இந்தியா திரும்பினார் என்று இருக்கிறது. 1898இல் மற்றவர் கப்பலிலிருந்து இறங்கும்போது இவர் அங்கேயே இருந்திருக்கிறார். மூன்று வருடம் இருவரும் ஒரே நேரத்தில் நேட்டாலில். அங்க அடையாளமும் வேறு: 1890காரருக்கு உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், இடது புருவத்தில் தழும்பு. 1898காரருக்கு ஐந்தடி ஆறு, வலது முழங்காலில் தழும்பு. ஒரே ஆளாக இருக்க வழியில்லை. பத்து வருடம் தங்கினால் திரும்பும் கப்பலுக்குக் காசு கட்ட வேண்டாம் என்பதால் 1901 வரை இருந்துவிட்டுக் கிளம்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

டர்பன் தம்பி அவருடைய பாட்டியின் பெட்டியைத் திறந்து, 1905இல் பிறந்த மூத்த மகனின் பிறப்புப் பதிவு நகலைப் படம் எடுத்து அனுப்பினார். தகப்பன், தாய் இருவருக்கும் எண் இருக்கிறது. எண்ணை இங்கே முழுதாகப் போட விரும்பவில்லை. 1898 பட்டியலில் உள்ள எண்ணோடு கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்கிறது. அதே பெட்டியில் 1906ஆம் வருடத்து 3 பவுண்டு ரசீது ஒன்றும் இருந்தது, அதே எண்ணோடு. நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டி வைத்திருக்கிறார்கள். வரி ஒழிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வீட்டில் யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. “அக்கா, இது கடன் பத்திரம் என்று நினைத்தோம்” என்றார் தம்பி. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே 30 ரூபாய்க்கு நிலத்தை வைத்தவர், அங்கே ஆண்டுக்கு 3 பவுண்டு கட்டியிருக்கிறார்.

புஞ்சையை மீட்கத்தான் போனாரா என்பது தெரியாது, நானாக எதுவும் எழுதிச் சேர்க்கப்போவதில்லை.

பட்டியலில் சிதைந்திருந்த ஊர்ப் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மறுபடி படித்தேன். வாயால் சொன்னதை வெள்ளைக்காரக் காது எப்படி வாங்கியிருக்கும் என்று பார்த்தால் சரியாக உட்காருகிறது. ஆனால் அதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணும் பத்திரமும் போதும்.

பதில் 1: கப்பல் பட்டியல் வாசகர், திருச்சி

அருமை அம்மா. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த மரத்தைப் போட்டவருக்கு எழுதுங்கள், ஒவ்வொரு தாளின் படத்தையும் சேர்த்து. இல்லையென்றால் அதிலிருந்து பத்துப் பேர் நகல் எடுப்பார்கள், பிறகு பத்து இடத்தில் இருக்கிறதே என்று அதுவே ஆதாரமாகிவிடும். வந்தவாசி முனுசாமியின் வாரிசுகளும் நஷ்டப்படுவார்கள். அவர் ஊர் திரும்பியவர். மரத்திலோ ஸ்டாங்கரில் இறந்துபோனவராக இருக்கிறார்.

கேள்வி கேட்டவர்: ஆரணி ஆசிரியை

எழுதிவிட்டேன் ஐயா, பதில் இன்னும் வரவில்லை. தம்பி தை இரண்டாம் வாரம் வருகிறார், நேராகப் போளூருக்கு.

நீங்கள் கடைசியாகச் சொன்னது மனதில் நிற்கிறது. ஆகவே இதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். வந்தவாசித் தாலுகாவில், பெருமாள் மகன் முனுசாமி, 1890இல் நேட்டால் போய் 1901இல் திரும்பியவர். ஐந்தடி மூன்று அங்குலம், இடது புருவத்தில் தழும்பு. கரும்புத் தோட்டத்துக்குப் போய் வந்த தாத்தா என்று உங்கள் வீட்டில் யாரைப் பற்றியாவது பேச்சு இருந்தால் இங்கே எழுதுங்கள். அவருடைய எண்ணும் பட்டியல் பக்கத்தின் படமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.