'கண்ட்ரோல்' என்பதற்கு அரபியில் எந்தச் சொல்?

குன்னூர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் ஆங்கிலக் கையேட்டை அரபியில் மொழிபெயர்க்கிறேன். திங்களன்று கொடுத்தாக வேண்டும். 'கண்ட்ரோல்' என்ற ஒரே சொல்லில் நான்கு நாளாக நிற்கிறேன். உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டுக்கு 'தஹக்கும்' போட்டேன், சரியாக இருக்கிறது. தரத்துக்கு 'முராகபா', தேயிலைக் கொசு என்ற பூச்சியை ஒழிப்பதற்கு 'முகாஃபஹா'. 'ஸைத்தரா' போட்டால் ஊரைப் பிடித்து ஆள்வது போல ஒலிக்கிறது, எடுத்துவிட்டேன். அகராதியில் எல்லாம் வரிசையாக இருக்கிறது, எது எங்கே பொருந்தும் என்பதுதான் இல்லை.

மாட்டிக்கொண்டது 'கண்ட்ரோல் சாம்பிள்'. ருசி பார்க்கும் மேசையில், புதுத் தூளோடு ஒப்பிடுவதற்காக முதல் கோப்பையில் ஊற்றி வைக்கிறார்களே, அந்தப் பழைய தூள். ஆய்வுக்கூடத்துச் சொல்லான 'ளாபிதா' இங்கே பொருந்துமா, இல்லை ஒப்பீடு என்ற பொருளில் 'முகாரனா' என்றே எழுதலாமா?