இலைப் படத்தைப் பார்த்து ஏஐ சொல்லும் நோயை நம்பி மருந்து அடிக்கலாமா?

வரப்போரம்:
தக்காளியில் இலை மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. போனில் இருக்கும் ஒரு ஏஐ செயலியிடம் காட்டினேன். செடியிலேயே வைத்து எடுத்த படத்துக்கு வைரஸ் என்றது. அதே இலையைக் கிள்ளி வெள்ளைத் தாளில் வைத்து எடுத்தால் முன் இலைக்கருகல் என்ற பூஞ்சாண நோய் என்கிறது. இரண்டு தடவையும் 90 சதவீதத்துக்கு மேல் உறுதியாம்! என்ன மருந்து, எத்தனை மில்லி என்பதுகூட வந்துவிட்டது. எதை நம்புவது? இல்லை, இரண்டையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

மண்புழு:
இப்போதைக்கு எதையும் அடிக்காதீர்கள்.

உங்கள் செயலி எதை வைத்துப் பழகியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் துறையில் அதிகம் புழங்கிய படத்தொகுப்பு பிளான்ட்வில்லேஜ், 14 பயிர்களில் 54,000-க்கும் மேல் இலைப் படங்கள், எல்லாம் இலையைப் பறித்துத் தனியாக வைத்து எடுத்தவை. அதை வைத்துப் பழக்கிய மாடல் 2016-இல் வந்த ஆய்வில், அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களை 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு இடங்களிலிருந்து திரட்டிய படங்களைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. 2022-இல் ஒருவர் இன்னும் குறும்பாக, இலையை விட்டுவிட்டுப் பின்னணியிலிருந்து வெறும் 8 படப்புள்ளிகளை (பிக்சல்) மட்டும் கொடுத்துப் பார்த்தார், தொகுப்பில் உள்ள 38 பயிர்-நோய் வகைகளில் எது என்று 49 சதவீதம் சரியாக வந்தது. அதாவது மாடலுக்கு நோயோடு சேர்த்து, படமெடுத்த மேஜையும் வெளிச்சமும் பழகியிருக்கலாம். நீங்கள் பின்னணியை மாற்றியதும் பதில் மாறியதற்கு இது காரணமாக இருக்கலாம்.

அப்புறம் அந்த 90 சதவீதம். தனக்குத் தெரிந்த பட்டியலுக்குள் எது கிட்டத்தில் வருகிறது என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. பிளான்ட்வில்லேஜில் தக்காளிக்கு 9 பாதிப்புகள், கூடவே நல்ல இலை, அவ்வளவுதான். சத்துக் குறைபாடு அதில் கிடையாது. பட்டியலில் இல்லாத பதிலை அது எப்படிச் சொல்லும்?

களைக்கொத்தி:
ஏஐ என்றாலே ஏமாற்று என்று போய்விட வேண்டாம். வெறும் மண்ணில் பச்சையைக் கண்ட இடத்தில் மட்டும் மருந்து பீய்ச்சும் தெளிப்பான்கள் வருடக்கணக்காக ஓடுகின்றன, இப்போது பயிருக்கு நடுவே களையைப் பிரித்துப் பார்ப்பவையும் வந்துவிட்டன. அங்கே ஒரு களையை விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, அடுத்த நடையில் பார்த்துக்கொள்ளலாம். நோயைத் தப்பாகச் சொன்னால் அப்படியா? மருந்தும் போய், உண்மையான காரணமும் பத்து நாள் கூடுதலாக வளர்ந்திருக்கும். எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

அடியிலை:
மஞ்சள் எங்கே தொடங்கியது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே! அடியிலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகப்படலாம். முன் இலைக்கருகல் என்றால் பழுப்புப் புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரியும். வயல் முழுக்கவா, ஒரு மூலையில் மட்டுமா? வெயில் நேரத்தில் செடி துவள்கிறதா? ஒரு இலையின் படத்தில் இதில் பாதிகூட இல்லை.

வரப்போரம்:
வளையம் இல்லை. அடியிலைதான் மஞ்சள். ஒரு பக்கம் திட்டுத் திட்டாக இருக்கிறது, அந்தத் திட்டில் செடியும் குட்டை, மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்கிறது. உரம் எல்லா இடத்துக்கும் ஒன்றாகத்தான் போட்டேன்.

அடியிலை:
அப்படியென்றால் திட்டின் ஓரத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் சல்லிவேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். வாளித் தண்ணீரில் அலசிவிட்டு வேரைப் பாருங்கள்.

மண்புழு:
மேலே இருந்து பார்ப்பதற்கும் ஒரு பயன் உண்டு என்பதை விட்டுவிட்டேன். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் அகலம், மேகம் இல்லாவிட்டால் சுமார் 5 நாளுக்கு ஒரு முறை கிடைக்கும். பெரிய வயலில் எந்த மூலை மங்குகிறது என்று கண்ணுக்குப் படும் முன்பே சில சமயம் காட்டிவிடும். ஏன் என்று காட்டாது. அதற்குத் தோண்டத்தான் வேண்டும்.

வரப்போரம்:
தோண்டினேன். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது. அவரைச் செடி வேரில் உள்ளதைப் போல இதுவும் நல்லதா?

அடியிலை:
அவரையில் இருப்பது பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். உங்களுடையது வேரே பருத்திருக்கும், உதிராது. தக்காளியில் அப்படி என்றால் பெரும்பாலும் வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. செயலி சொன்ன பூஞ்சாணக்கொல்லிக்கு இது அசையாது. பிடுங்கிய வேரை வயலில் போட்டுவிடாதீர்கள், அந்தத் திட்டில் உழுத கலப்பையைக் கழுவாமல் அடுத்த வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த நடவுக்கு நூற்புழு தாங்கும் ரகம் பாருங்கள், நடுவில் ஒரு போகம் செண்டுமல்லி போடலாம். உறுதி செய்ய வேரையும் கொஞ்சம் மண்ணையும் ஈரம் காயாமல் பையில் கட்டி ஒரு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.