இரவில் விழுந்த டார்ச்: பவளம் ஒட்டியவர்கள் சொல்லுங்கள்

சிங்கைச் சிப்பி

என் கடல்நீர்த் தொட்டியில் மூன்று தலை டார்ச், விரல் விரலாக நீண்டு கொட்டும் பவளம். விளக்கணைந்த பிறகு எப்போதோ விழுந்திருக்கிறது. காலையில் பார்த்தால் கீழ்த்தட்டில் இருக்கும் பச்சை அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின்மேல் குப்புறக் கிடக்கிறது. நிமிர்த்தி வைத்தேன், டார்ச்சுக்கு ஒன்றுமில்லை, மத்தியானத்துக்குள் விரிந்துவிட்டது. அக்ரோவில்தான் அதன் விரல்கள் பட்ட இடமெல்லாம் சதை போய் வெள்ளை எலும்பு தெரிகிறது. எந்த விரல் எங்கே பட்டது என்று விரல் விரலாக எண்ணலாம்.

என்னை அரித்துக்கொண்டிருப்பது அதுவல்ல. டார்ச் இருந்த பிளக்கை, அதாவது பவளத்தை ஏற்றி வைக்கும் சிறு வில்லையை, திருப்பிப் பார்த்தேன். நான் வைத்த ஜெல் சூப்பர் குளூ முழுவதும் பிளக்கின் அடியிலேயே இருந்தது. கல்லில் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. பசையின் அடிப்பக்கத்தில் கல்லின் மேடுபள்ளம் அத்தனையும் அச்சாகப் பதிந்திருந்தது. அந்த அச்சின்மேல் மெல்லிய பச்சைப் படலம். நகத்தால் சுரண்டினால் வழுக்கிக்கொண்டு வந்தது. அதாவது பசை எதையும் கைவிடவில்லை. பாசியை இறுகப் பிடித்திருந்தது, அந்தப் பாசிதான் கல்லை விட்டுவிட்டது.

இதே கல்லில் இதே பசையில் ஒட்டிய மான்டிப்போரா பவளம் இன்றுவரை அசையவில்லை. உங்களுக்கு எது விழுந்தது, எப்படி விழுந்தது?

கிள்ளான் கடலடி

நத்தை. மேற்கொண்டு விசாரணையே வேண்டாம். டர்போ நத்தைதான்.

எங்கள் தொட்டியில் என் கண்முன்னே நடந்தது. பிளக்கின் விளிம்பில் பாசி மேய்ந்துகொண்டே வந்தது, ஓட்டின் முனையை அடியில் கொடுத்தது. பிளக் மெல்லச் சாய்ந்து, நிற்பதா விழுவதா என்று யோசித்தது, அப்புறம் அதிலிருந்த ஸோவாக்களோடு (பொத்தான் மாதிரி இருக்கும் பவளங்கள்) பாறைப் பிளவுக்குள் போய்விட்டது. நத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த பிளக்குக்குப் போனது. கண்ணாடிக்கு வெளியே நான் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தேன். பசையைக் குறை சொல்பவர்கள் முதலில் நத்தைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டொராண்டோ தொட்டிக்காரர்

கிள்ளான் நண்பரே, நத்தையைத் தூக்கில் போடாதீர்கள். நன்றாக ஒட்டிய பிளக்கை டர்போ என்ன, நண்டே வந்தாலும் அசைக்காது. சிப்பி சொன்னதில்தான் விடை இருக்கிறது.

என் கதை சின்னது. பிசைந்து வைத்தால் இறுகும் எபாக்சி உருண்டை வைத்த அன்று இரவு, கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் பொங்கி வழிந்து மரத்தரை ஊறிப்போனது. அவ்வளவுதான்.

ஆனால் சிப்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் போனதும் சூப்பர் குளூவின்மேல் ஒரு வெள்ளைத் தோல் உடனே படிந்துவிடும், ஏனென்றால் அதை இறுக வைப்பதே ஈரம்தான். அந்தத் தோலோடு கல்லில் வைத்தால் தோல்தான் கல்லைத் தொடும், உள்ளே இருக்கும் பசை தொடாது. அதனால் வைத்ததும் அழுத்தி, இடமும் வலமுமாகத் திருக வேண்டும். தோல் கிழிந்து புதுப் பசை கல்லின் துளைகளுக்குள் இறங்கும்வரை திருகுங்கள். அதற்கு முன்னால் அந்த இடத்தைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வெறும் கல் தெரியும்வரை தேய்க்க வேண்டும். மேலோட்டமாகத் தடவுவது போதாது. பம்புகளை நிறுத்துங்கள். பிளக்கின் அடியை மெல்லிய காகிதத்தால் ஒற்றி ஈரம் எடுங்கள். டார்ச் மாதிரி தலைகனத்த பவளத்துக்கு வெறும் பசை போதவே போதாது. சூப்பர் குளூ இறுகினால் மொறமொறவென்று ஆகிவிடும். நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் உடையும். ஆகவே பிளக்கில் பசை, அதன்மேல் எபாக்சி உருண்டை, உருண்டையின் அடியில் மறுபடி பசை, பிறகு கல். எபாக்சி பசையே அல்ல, பள்ளத்தை நிரப்பும் மாவு. அதை இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும், கோடு தெரிந்தால் இறுகாது. இன்னொரு வழி, பிளக்கின் காம்பை வெட்டாமல் அது நுழையும் அளவுக்குக் கல்லில் துளை போடுவது. அப்படிச் செய்தால் பசைக்கு வேலையே குறைவு. இதெல்லாம் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் யாரும் செய்வதில்லை.

உப்புமானி

கேட்டது "உங்களுக்கு எது விழுந்தது". வந்தது பாடநூல்.

எபாக்சி பசையே அல்ல என்பது ஒரே அடியாக அடிப்பது. கல்லில் வாகான பிளவு கிடைத்தால் எபாக்சியை உள்ளே திணித்து அதில் அக்ரோவின் அடியைச் செருகிவிடுவேன். சூப்பர் குளூ தொடாமலே நிற்கிறது. சமதளத்தில் வழுக்கும் என்பது சரி. ஸ்கிம்மர் பொங்குவது எல்லோருக்கும் தெரியும், எபாக்சி வைக்கும் நாளில் அதை நிறுத்திவிட்டால் தரை ஊறாது.

என் மனதில் நிற்பது காளான் பவளம். சிவப்பு டிஸ்கோசோமா. நான் ஒட்டவில்லை, ஒட்டியதாக நினைத்துக்கொண்டேன். அதன் சளியில் எந்தப் பசையும் நிற்காது. பசை காய்ந்து தனியாக ஒரு வெள்ளைக் கிண்ணமாகக் கல்லில் உட்கார்ந்திருந்தது, உள்ளே ஆளைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் பம்பின் வாய்வலையில் பாதி உடலாகக் கிடைத்தது. அந்தப் பாதி பிழைத்து, இப்போது தொட்டி முழுக்க அதன் பிள்ளைகள். இப்போதெல்லாம் நீரோட்டம் குறைந்த மூலையில் ஒரு கிண்ணம் நிறைய உடைகல் போட்டு, காளானை வைத்து மேலே வலை கட்டிவிடுகிறேன். அது தானாகவே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்தக் கல்லுக்குப் பசை போடுவது பிள்ளை விளையாட்டு.

துபாய் வெப்பமானி

விழுந்தது இல்லை, சுட்டது. கை வழுக்காமல் இருக்கட்டும் என்று பருத்திக் கையுறை போட்டிருந்தேன். குழாயின் கழுத்து பிளந்து ஜெல் மொத்தமும் ஆள்காட்டி விரலில் இறங்கியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி துணியிலிருந்து புகை! பருத்தியில் சூப்பர் குளூ பட்டால் வேகமாக இறுகும், அந்த வேகத்தில் சூடேறும் என்று பிறகு மருத்துவமனையில் சொல்லித்தான் தெரியும். மற்றொரு கையில் ஒரு ஸோவா பிளக். அதை எங்கே வைப்பது என்று அந்த நிலையிலும் யோசித்தேன்.

1942-இல் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்த வேதிப்பொருளைக் கண்டு, தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதே என்று ஒதுக்கிவைத்தாராம். 1958-இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. அவர் ஒதுக்கியதன் காரணத்தை என் விரல் நன்றாக அறியும்.

டொராண்டோ தொட்டிக்காரர்

ஸோவாவைக் கையில் வைத்துக்கொண்டா? நைட்ரைல் கையுறை போடுங்கள் நண்பரே. கண்ணாடியும் போடுங்கள். ஸோவாக்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, வெட்டும்போது சாறு கண்ணில் தெறித்தால் விபரீதம். அவை வளர்ந்த கல்லைக் கொதிக்க வைப்பதோ உலர்ந்த பிறகு சுரண்டுவதோ கூடவே கூடாது, ஆவியில் வீட்டிலிருக்கும் எல்லோருமே படுத்துவிடுவார்கள்.

முத்துநகர் மூழ்காளர்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் தொட்டி கிடையாது. இங்கே பாறைப் பவளங்கள் எல்லாமே 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. நீங்கள் பேரம் பேசி வாங்கும் துண்டை நான் கரையிலிருந்து பொறுக்கினாலே வழக்கு.

ஆனால் ஒட்டும் வேலையைக் கடலுக்கு அடியில் பார்த்திருக்கிறேன். மன்னார் வளைகுடாவில் பவளம் நடும் குழுவோடு படகில் போய் இறங்கியிருக்கிறேன். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த பாறைத்திட்டுகள் அவை. அங்கே பசையைக் கண்ணால் பார்க்கவில்லை. சிமெண்ட் பலகையில் துண்டை வைத்து நைலான் இழையால் கட்டுவார்கள், அவ்வளவே. அலைக்கு ஆடாமல் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

நான் மறக்காதது, பிறகு ஒருமுறை இறங்கியபோது கண்ட ஒரு துண்டு. முடிச்சைத் தேடினேன், இல்லை. அறுந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். முகமூடியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால், இழையின் ஒரு முனை மட்டும் நகக்கண் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மிச்சத்தைச் சதை மூடி, அதன்மேல் எலும்பும் வைத்து, அடி பலகையில் மெழுகி ஓடியிருந்தது. உங்கள் பசையும் இழையும் அதுவரைக்கும் தாங்கினால் போதும். அப்புறம் பவளமே தன்னை ஒட்டிக்கொள்ளும்.

உப்புமானி

சட்டத்தைச் சொன்னது நல்லதே. இந்தியாவிலிருந்து "எங்கே கிடைக்கும்" என்று கேட்பவர்கள் படிக்கட்டும். கடைசி வாக்கியம் மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அக்ரோவும் மான்டிப்போராவும் அடியைப் பரப்பிப் பிடிக்கும். டார்ச்சின் சதை தலையில்தான், தண்டு வெறும் எலும்பு. அது கல்லை ஒருநாளும் பிடிக்காது. பசை விட்டால் எப்போது வேண்டுமானாலும் விழும்.

கிள்ளான் கடலடி

அப்படியானால் பிளக்கோடு ஒட்டுவதா, பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு ஒட்டுவதா? கடைக்காரர் பிளக்கோடு வை என்கிறார்.

உப்புமானி

அக்ரோ என்றால் வெட்டுங்கள். அதைத் தின்னும் தட்டைப்புழு, அடியில் சதையில்லாத இடத்தில்தான் முட்டையிடும். மருந்துக் குளியலில் புழு சாகும், முட்டை சாகாது. பிளக்கோடு வைத்தால் முட்டையையும் சேர்த்து ஒட்டுகிறீர்கள்.

கிள்ளான் கடலடி

வெட்டுகிறேன். நத்தை விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை.