புதுப்பிப்பு: பழைய மாருதி 800 கதவடித் துரு சரியாகிவிட்டது

கதவின் அடி விளிம்பில் பெயிண்ட் கொப்புளித்து வருகிறது, டிங்கரிங் பட்டறைக்குப் போகாமல் நானே சரிசெய்ய முடியுமா என்று மழைக்காலத்துக்கு முன் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, பட்டி (குழியை நிரப்பிச் சமப்படுத்தும் பசை) வைக்கும் முன் எபாக்சி பிரைமர் (தகட்டில் ஈரம் படாமல் காக்கும் அடிப்பூச்சு) அடிக்கச் சொன்ன யோசனைதான். பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் தகட்டில் நேராக வைத்தால் அதற்கடியிலேயே துரு மறுபடி கிளம்பும். கம்பி பிரஷ், அப்புறம் 80ஆம் நம்பர் உப்புத்தாள். கொப்புளத்தைத் தாண்டி நல்ல தகடு தெரியும்வரை தேய்த்தேன். குழிகளில் மிஞ்சிய துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர், அதாவது துருவைக் கெட்டியான கறுப்புப் படலமாக மாற்றும் திரவம். அது கறுத்து நன்றாகக் காய்ந்ததும் பிரைமர், மெல்லிய பட்டி, மறுபடி பிரைமர், பெயிண்ட். மழை முழுக்க நனைந்தும் புதிதாகக் கொப்புளம் இல்லை.

எதிர்பாராதது: துரு உள்ளிருந்துதான் வந்திருக்கிறது. கண்ணாடியோரம் இறங்கும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு ஓட்டைகள் உண்டு. அவை மண்ணடைத்துக் கிடந்தன. குத்திச் சுத்தம்செய்து, உள்ளே கேவிட்டி வேக்ஸ் (உட்புறம் துருப்பிடிக்காமல் காக்கும் மெழுகுப் பூச்சு) அடித்தேன். இதை விட்டுவிட்டு வெளியே மட்டும் பெயிண்ட் அடிப்பது வீண். தகடே ஓட்டை விழுந்திருந்தால் இந்த முறை போதாது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து வெல்டிங்தான் செய்ய வேண்டும்.