மோட்டார் ஹோமில் போர் நினைவிடங்களுக்கு: போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அக்டோபரில் அப்பாவை அழைத்துக்கொண்டு லண்டனிலிருந்து மோட்டார் ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) பிரான்ஸ், பெல்ஜியம் போகிறோம். முதல் உலகப்போர் நினைவிடங்களைப் பார்க்கத்தான். அப்பா ஓய்வுபெற்ற ராணுவ வீரர். பதக்கங்களைத் துடைத்து, வெல்வெட் துணியில் சுற்றி இப்போதே பெட்டியில் வைத்துவிட்டார்.

அவர் மனமெல்லாம் பிரான்சிலுள்ள நவ் ஷாப்பெல் இந்திய நினைவிடத்தில்தான். 4,700-க்கும் மேற்பட்ட வீரர்களை நினைவுகூரும் இடம். சாலைச் சந்திப்பிலேயே இருக்கிறதாமே, 7 மீட்டர் வண்டியை அருகில் எங்கே நிறுத்துவது?

பெல்ஜியத்தின் ஈப்ர் நகரிலுள்ள மெனின் கேட் நினைவு வாயிலில், போரில் இறந்தவர்களுக்காகத் தினமும் இரவு 8 மணிக்கு ஊதும் ‘லாஸ்ட் போஸ்ட்’ எக்காள இசையை அப்பா நின்று கேட்க வேண்டும். முழங்கால் வலியால் அதிகம் நடக்கமாட்டார். பக்கத்திலேயே வண்டியோடு இரவு தங்க இடம் உண்டா? தண்ணீர் நிரப்பவும் கழிவுநீர் வெளியேற்றவும் வசதி இருந்தால் போதும்.